ஓவியருக்குப் பின்னால் நின்ற வணிகர்: போல் துரான்-ருவேலும் நவீனக் கலைக்கூடத்தின் தோற்றமும்

போல் துரான்-ருவேல் (1831–1922) பாரிஸ் நகரைச் சேர்ந்த ஓவிய வணிகர். கிளோது மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லே முதலிய உணர்வுப்பதிவிய ஓவியர்களின் படைப்புகளை வாங்க ஆளில்லாத காலத்தில் தொடர்ந்து வாங்கி, காட்சிக்கு வைத்து, அயல்நாடுகளுக்குக் கொண்டுசென்று, அவர்களுக்கெனச் சந்தை ஒன்றை உருவாக்கியவர். இன்று ஓர் ஓவியரைக் கலைக்கூடம் ஒன்று 'பிரதிநிதித்துவம்' செய்கிறது என்று சொல்லும்போது நாம் மனத்தில் கொள்ளும் நடைமுறைகள் பல: ஓவியருக்கு முன்பணம் தருதல், அவர் படைப்புகளைத் தானே விற்கும் உரிமை பெறுதல், தனிநபர் கண்காட்சி நடத்துதல், பத்திரிகைகளில் எழுதச் செய்தல், வெளிநாட்டு வாங்குநரைத் தேடுதல். இவை ஒவ்வொன்றுக்கும் அங்கங்கே முன்மாதிரிகள் இருந்தன. ஆனால் அனைத்தையும் ஒன்றாக்கி, ஒரு தலைமுறை ஓவியர்களுக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திக் காட்டியவர் இவர். திட்டம் தீட்டி உருவாக்கிய முறையன்று அது. கடனுக்கும் நெருக்கடிக்கும் நடுவே படிப்படியாக உருவானது. அதனால் யாருக்கு நன்மை விளைந்தது, யாருக்கு அது காலம் கடந்து வந்தது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

அரசுக் கண்காட்சியின் ஆதிக்கம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் ஓர் ஓவியர் பெயர் பெறுவதற்குப் பெரும்பாலும் ஒரே வாசல்தான் இருந்தது. 'சலோன்' எனப்பட்ட அரசுக் கண்காட்சியே அது. பாரிசின் தொழிற்கண்காட்சி மாளிகையில் அது நடந்தது. ஆயிரக்கணக்கான ஓவியங்கள் தரையிலிருந்து கூரை வரை நெருக்கமாக மாட்டப்படும். இலட்சக்கணக்கானோர் வந்து பார்ப்பார்கள். எந்த ஓவியம் உள்ளே வரலாம் என்பதை நடுவர் குழு முடிவு செய்தது. கலைக்கழகத்தின் மரபான சுவையே அக்குழுவின் அளவுகோல். புராணக் காட்சி, வரலாற்றுக் காட்சி, வழவழப்பாக முடிக்கப்பட்ட மேற்பரப்பு ஆகியவற்றுக்கு அங்கே மதிப்பு உண்டு. திறந்தவெளியில் விரைந்து தீட்டிய இயற்கைக் காட்சிகளுக்கு இல்லை.

நடுவர் குழு நிராகரித்தால் மதிப்பு மட்டுமன்று, வருமானமும் போயிற்று. நிராகரிக்கப்பட்ட ஓவியத்தை வாங்கப் பெரும்பாலோர் தயங்கினர். 1863இல் குழு தள்ளுபடி செய்தவை மிகப் பலவாக இருந்தமையால் எதிர்ப்பு கிளம்பியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நிராகரிக்கப்பட்டோருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்த அனுமதித்தார். எதுவார் மானேயின் 'புல்வெளியில் மதிய உணவு' அங்கேதான் வைக்கப்பட்டு ஏளனத்துக்கு உள்ளாயிற்று. (மானே, மோனே இருவரும் வெவ்வேறு ஓவியர்கள். மானே மூத்தவர், மோனே உணர்வுப்பதிவியக் குழுவின் முன்னணியாளர்.) வாசல் ஒன்றாக இருக்கும்வரை அதைக் காப்பவர்களின் சுவையே சட்டம் என்பதை இளைய ஓவியர்கள் அப்போதே உணர்ந்துகொண்டார்கள். வேறு வாசல் எங்கே என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி.

காகிதக் கடையிலிருந்து ஓவியக் கடைக்கு

துரான்-ருவேல் குடும்பத்தின் தொடக்கத் தொழில் காகிதமும் எழுதுபொருளும் விற்பது. கடை தாயார் மரி ருவேலின் வழியில் வந்தது. தந்தை அதில் ஓவியர்களுக்கான பொருள்களையும் விற்கத் தொடங்கினார். வண்ணம், துணி முதலியவற்றுக்குப் பணம் கொடுக்க முடியாத ஓவியர்கள் தம் படங்களைக் கடையில் விட்டுச் சென்றார்கள். அப்படங்களும் விற்பனைக்கு வந்தன. காலப்போக்கில் காகிதம் பின்னுக்குப் போய், ஓவியமே தொழிலாயிற்று.

மகன் போலுக்கு இத்தொழிலில் முதலில் நாட்டமில்லை. படைத்துறையில் சேரவோ சமயப் பணிக்குச் செல்லவோ விரும்பினார். 1855ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் தெலக்ருவாவின் ஓவியங்களைக் கண்டது தம் மனத்தை மாற்றியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தந்தை மறைந்த 1865இல் கடை முழுமையாக அவர் பொறுப்புக்கு வந்தது.

தொடக்கத்தில் அவர் கவனம் பார்பிசோன் ஊரைச் சார்ந்த இயற்கைக் காட்சி ஓவியர்கள்மீது இருந்தது. கொரோ, மியே, தெயோதோர் ரூசோ ஆகியோர் அவருள் முக்கியமானவர்கள். பின்னர் அவர் பெரிய அளவில் கையாண்ட முறையை இங்கேதான் பழகினார்: தாம் நம்பும் ஓவியரின் படைப்புகளை ஒன்றிரண்டாக வாங்காமல் மொத்தமாக வாங்குவது, சந்தையில் அவை சிதறிக் குறைந்த விலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது, விலை உயரும்வரை காத்திருப்பது. 1869இல் கலை இதழ் ஒன்றையும் தொடங்கினார். ஓவியத்தை விற்பதற்கு முன் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

லண்டனில் ஒரு சந்திப்பு

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. துரான்-ருவேல் தம் சரக்கை லண்டனுக்கு அனுப்பிவிட்டுத் தாமும் சென்றார். நியூ பாண்ட் தெருவில் 168ஆம் எண் கட்டடத்தில் கடை வைத்தார். பிரஷ்யப் படைக்கு அஞ்சி ஓடிவந்த பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த அந்த இடத்தின் பழைய பெயர் 'ஜெர்மன் கலைக்கூடம்'!

அதே போரிலிருந்து தப்பி மோனேயும் பிசாரோவும் லண்டனில் தங்கியிருந்தனர். மூத்த ஓவியர் தோபின்யி, மோனேயைத் துரான்-ருவேலுக்கு அறிமுகம் செய்தார். பிசாரோவின் தொடர்பும் தொடர்ந்து ஏற்பட்டது. மோனேயின் படம் ஒன்றுக்கு 300 பிராங்கும் பிசாரோவின் படம் ஒன்றுக்கு 200 பிராங்கும் கொடுத்தார். பாரிசில் ஒரு கைத்தொழிலாளியின் நாட்கூலி அப்போது ஏறத்தாழ 5 பிராங்க். இரண்டு மாதக் கூலிக்கு நிகரான தொகை பெயரறியாத இளம் ஓவியருக்குக் கிடைத்தது. தொகையைக் காட்டிலும் பெரிது இன்னொன்று: தம் ஓவியத்தை விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தம்மை நம்புகிறார் என்ற உறுதி அவர்களுக்குக் கிடைத்தது.

போர் முடிந்து பாரிஸ் திரும்பிய துரான்-ருவேலுக்கு 1871 இறுதியில் பேரிழப்பு நேர்ந்தது. மனைவி ஏவா இறந்தார். நாற்பது வயதில் ஐந்து குழந்தைகளுடன் தனித்து நின்றார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த சில வாரங்களிலேயே தம் வாழ்வின் துணிச்சலான கொள்முதல் ஒன்றை அவர் செய்தார்.

மானேயின் 23 ஓவியங்கள்

1872 ஜனவரியில் ஆல்ஃபிரட் ஸ்டீவன்ஸ் என்னும் ஓவியரின் பணிக்கூடத்தில் மானேயின் இரண்டு படங்களைத் துரான்-ருவேல் கண்டார். யாரேனும் வாங்குவார்களா என்று பார்க்க மானே அவற்றை அங்கே விட்டுவைத்திருந்தார். இரண்டையும் வாங்கிய துரான்-ருவேல், உடனே மானேயின் பணிக்கூடத்துக்கே சென்று அங்கிருந்த 23 ஓவியங்களை 35,000 பிராங்குக்கு எடுத்துக்கொண்டார். சில நாள்களில் மீண்டும் வந்து மேலும் வாங்கினார்.

மானேயின் படங்களை அதுவரை இந்த அளவில் வாங்கியவர் எவருமில்லை. இதைக் கொடை என்று கருதிவிடக் கூடாது. ஓவியரின் முழுப் படைப்பும் தம் கையில் இருந்தால் விலையையும், யார் எப்போது பார்ப்பார்கள் என்பதையும் தாமே தீர்மானிக்கலாம் என்ற வணிகக் கணக்கு அதில் இருந்தது. ஆனால் அக்கணக்கு பலிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை அவர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்.

ஏளனமும் ஏலமும்

1873இல் ஐரோப்பாவைப் பொருளாதார மந்தம் பிடித்தது. துரான்-ருவேலின் கையில் படங்கள் குவிந்திருந்தன; பணமில்லை. 1874இல் புதிய ஓவியங்கள் வாங்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. லண்டன் கடையும் 1875இல் மூடப்பட்டது.

வணிகரின் கை சுருங்கியபோது ஓவியர்கள் தாமே களமிறங்கினர். 1874 ஏப்ரலில், நாதார் என்னும் புகைப்படக் கலைஞரின் முன்னாள் பணிக்கூடத்தை எடுத்து முப்பது பேர் அளவில் கூட்டுக் கண்காட்சி நடத்தினர். அரசின் நடுவர் குழு இல்லை, பரிசு இல்லை. மோனேயின் 'பதிவு: சூரியோதயம்' என்ற படத்தின் தலைப்பைக் கிண்டல் செய்து லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அவர்களுக்கு வைத்த பெயரே 'இம்ப்ரெஷனிஸ்டுகள்', அதாவது உணர்வுப்பதிவியர்கள். பெயர் நிலைத்தது, வருவாய் கிட்டவில்லை.

மறு ஆண்டு, 1875 மார்ச் 24 அன்று, மோனே, ரெனுவார், சிஸ்லே, பெர்த் மொரிசோ ஆகியோர் தம் படைப்புகள் 73ஐ ஓத்தெல் துருவோ ஏலக்கூடத்தில் ஏலம் விட்டனர். ஏலத்துக்கு மதிப்பீட்டாளராக இருந்தவர் துரான்-ருவேல். வந்திருந்தோரில் ஒரு பகுதியினர் ஒவ்வொரு படத்துக்கும் கூச்சலிட்டனர். அமைதி காக்கக் காவலரை அழைக்க நேர்ந்தது. சில படங்கள் 100 பிராங்கைக்கூட எட்டவில்லை. இந்த ஏலம் அவருக்கும் ஓவியர்களுக்கும் ஒரு பாடம் புகட்டியது. வாங்குவோர் பக்குவப்படும் முன் படைப்பைப் பொதுச் சந்தையில் இறக்கினால், கிடைக்கும் குறைந்த விலையே அந்த ஓவியரின் மதிப்பாகப் பதிவாகிவிடும். அதைத் திருத்தப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

1876இல் குழுவின் இரண்டாவது கண்காட்சிக்குத் துரான்-ருவேல் தம் கலைக்கூடத்தையே கொடுத்தார். ஃபிகாரோ நாளிதழின் விமர்சகர் அல்பேர் வோல்ஃப், ஓவியர்களைப் பித்தர்கள் என்றே எழுதினார். பழைய வாடிக்கையாளர் பலர் துரான்-ருவேலின் அறிவுநிலை குறித்தே ஐயம் கொண்டனர். பார்பிசோன் ஓவியங்களால் அவர் ஈட்டிய நற்பெயர் கரைந்துகொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் துரான்-ருவேல் புரட்சியாளர் அல்லர். அவர் உறுதியான கத்தோலிக்கர். முடியாட்சி மீள வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். பிசாரோவோ யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அரசே வேண்டாம் என்னும் கொள்கையினர். அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக இருந்த இருவர் கலைக்காக நாற்பதாண்டுக்காலத்தின் பெரும்பகுதியில் இணைந்து இயங்கினர்.

அவர் கையாண்ட முறைகள்

துரான்-ருவேலின் கடிதங்களும் கணக்கேடுகளும் பெருமளவு பாதுகாக்கப்பட்டுள்ளன. ஓவியர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களையும் அவருடைய நினைவுக் குறிப்புகளையும் லியோனெல்லோ வென்தூரி என்ற கலை வரலாற்றாளர் 1939இல் வெளியிட்டார். அவற்றிலிருந்து அவர் நடைமுறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முன்பணக் கணக்கு: ஓவியருக்கு மாதந்தோறும் அல்லது கேட்டபோது பணம் கொடுத்தார். அது ஓவியரின் பெயரில் பற்று எழுதப்படும். படங்கள் வந்து சேரும்போது வரவு வைக்கப்படும். வீட்டு வாடகை, தையற்காரர் பாக்கி, மருத்துவச் செலவு என ஓவியரின் குடும்பச் செலவுகளும் இக்கணக்கில் அடங்கின. 1883இல் மோனே ஜிவெர்னி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தபோதும் பணம் இவரிடமிருந்தே சென்றது.

தனி உரிமை: கொடுக்கும் பணத்துக்கு ஈடாக, படைப்புகள் தம்மிடமே வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். பெரும்பாலும் எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லை, வாய்மொழியும் நம்பிக்கையுமே.

விலையைத் தாங்குதல்: தம் ஓவியர்களின் படம் ஏலத்துக்கு வந்தால் தாமே ஏலம் கேட்டு விலை விழாமல் தடுத்தார். இதற்குப் பெரும் முதல் தேவைப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உண்மையான தேவை எது, தாங்கிப் பிடிக்கப்பட்ட விலை எது என்று தெரியாது. இம்முறை இன்றுவரை விவாதத்துக்குரியதாக இருக்கிறது.

தனிநபர் கண்காட்சி: உயிரோடிருக்கும் ஒரே ஓவியரின் படைப்புகளை மட்டும் வணிகக் கலைக்கூடத்தில் வைப்பது அன்று அரிது. 1883இல் மாதத்துக்கு ஒருவராகப் பூதேன், மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லே ஆகிய ஐவருக்கும் தொடர் கண்காட்சிகள் நடத்தினார். கும்பலில் ஒரு படமாகப் பார்க்கப்பட்ட ஓவியர், தமக்கென வளர்ச்சியும் நடையும் உடைய ஆளுமையாகப் பார்க்கப்படத் தொடங்கினார்.

இலவசப் பார்வை: கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. ரோம் தெருவிலிருந்த தம் சொந்த வீட்டையும் பார்வையாளருக்குத் திறந்துவிட்டார். வரவேற்பறைக் கதவுகளுக்கு மோனே பூக்களும் பழங்களும் தீட்டிக் கொடுத்திருந்தார். இவ்வகை ஓவியத்தோடு ஒரு குடும்பம் இயல்பாக வாழ முடியும் என்பதை வாங்க வருபவர் கண்ணால் கண்டார். எந்த விளம்பரமும் இதைச் செய்திருக்க முடியாது.

எழுத்து: 1869ஆம் ஆண்டு இதழைத் தவிர 1890–91இலும் ஓர் இதழ் நடத்தினார். 1873இல் தம் இருப்பிலிருந்த 300 படைப்புகளின் செதுக்கச்சுப் படிகளைக் கொண்ட தொகுதி ஒன்றைத் தயாரித்தார். தெலக்ருவா, கொரோ போன்ற ஏற்கெனவே மதிக்கப்பட்டவர்களின் வரிசையிலேயே மோனேயையும் பிசாரோவையும் அதில் வைத்தார். புதியவர்கள் எங்கிருந்தோ குதித்தவர்கள் அல்லர், பிரெஞ்சு மரபின் தொடர்ச்சி என்பதே அந்த வரிசை சொன்ன செய்தி.

வங்கி வீழ்ந்தது

இம்முறைகள் அனைத்துக்கும் பிறர் பணம் தேவைப்பட்டது. 1880 அளவில் 'யூனியோன் ஜெனரால்' என்னும் கத்தோலிக்க வங்கியைச் சேர்ந்த ஜூல் ஃபெதேர் அவருக்குக் கடன் கொடுத்தார். ஓவியர்களுக்குச் சீராகப் பணம் செல்லத் தொடங்கியது. ஆனால் 1882 தொடக்கத்தில் அந்த வங்கி முறிந்தது. ஃபெதேர் நொடித்துப்போனார். வாங்கிய கடனைத் துரான்-ருவேல் திருப்பித் தர வேண்டியிருந்தது. 1884இல் அவர் கடன் பத்து இலட்சம் பிராங்குக்கு மேல் இருந்தது.

இருப்பிலுள்ள ஓவியங்களை வந்த விலைக்கு விற்றிருந்தால் கடனில் ஒரு பகுதி அடைந்திருக்கும். அப்படிச் செய்தால் ஓவியர்களின் விலை அடியோடு விழும். பதினைந்தாண்டு உழைப்பு அத்துடன் முடியும். அவர் விற்கவில்லை. கடன்காரர்களிடம் தவணை கேட்டார். ஓவியர்களிடம் பொறுமை கேட்டார். அவர் நிலை ஓவியர்களுக்கும் தெரிந்தே இருந்தது. தேவையானால் படங்களைக் குறைந்த விலைக்கு விற்றுக்கொள்ளும்படி ரெனுவார் அவருக்கு எழுதினார். வணிகரும் ஓவியரும் ஒரே படகில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அட்லாண்டிக்கைக் கடந்து

மீட்பு வந்தது பாரிசிலிருந்து அன்று. அமெரிக்கக் கலைச் சங்கம் என்ற நியூயார்க் நிறுவனத்தின் ஜேம்ஸ் சட்டன் கண்காட்சி நடத்த அழைத்தார். 1886 ஏப்ரலில் ஏறத்தாழ 300 ஓவியங்கள் அங்கே காட்சிக்கு வந்தன. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி அயல்நாட்டு ஓவியங்களுக்கு அமெரிக்காவில் 30 விழுக்காடு சுங்கத் தீர்வை இருந்தது. அச்சங்கம் கல்வி நோக்குடைய நிறுவனமாகக் கருதப்பட்டமையால், ஓவியங்களைத் தீர்வை செலுத்தாமல் உள்ளே கொண்டுவர முடிந்தது; விற்றவற்றுக்கு மட்டும் செலுத்தினால் போதும்.

நியூயார்க் பத்திரிகைகள் எல்லாம் புகழவில்லை. ஆனால் பாரிசைப் போல் பழிக்கவுமில்லை. பார்பிசோன் ஓவியங்களைத் துரான்-ருவேலிடம் வாங்கிப் பழகிய அமெரிக்கச் செல்வர்களுக்கு அவர் பெயர்மேல் நம்பிக்கை இருந்தது. இன்னொரு துணையும் இருந்தது. பாரிசில் வாழ்ந்து உணர்வுப்பதிவியரோடு கண்காட்சியில் பங்கேற்ற அமெரிக்க ஓவியர் மேரி கசாட், தம் நாட்டு நண்பர்களை வாங்கத் தூண்டிவந்தார். அவருடைய தோழி லூயிசின், 1877ஆம் ஆண்டிலேயே கசாட்டின் சொல் கேட்டுத் தெகாவின் படம் ஒன்றை வாங்கியவர். பின்னர் சர்க்கரைத் தொழிலதிபர் ஹேவ்மையரை மணந்து, கணவரோடு சேர்ந்து பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். அது 1929இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சிகாகோவின் பெர்த்தா பாமர் வாங்கிய மோனே ஓவியங்கள் பல இன்று அந்நகரக் கலைக்கழகத்தில் உள்ளன.

முதல் வெற்றியைக் கண்ட நியூயார்க் வணிகர்கள் தீர்வைச் சலுகையை எதிர்த்துக் குரல் எழுப்பினர். அடுத்த கண்காட்சிக்குத் தடைகள் பல வந்தன. சொந்தக் கடை இல்லாமல் அங்கே நிலைக்க முடியாது என்று கண்ட துரான்-ருவேல், 1887–88இல் நியூயார்க்கில் கிளை திறந்து தம் மகன்களிடம் ஒப்படைத்தார்.

உறவில் உரசல்கள்

இவ்வரலாற்றை நன்றி நிறைந்த ஓவியர்களின் கதையாக மட்டும் சொன்னால் அது பாதி உண்மையே. தம் சிறந்த படங்கள் கடல் கடந்து போவது மோனேக்குப் பிடிக்கவில்லை. பிரான்சில் பார்க்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1883ஆம் ஆண்டுத் தனிநபர் கண்காட்சி சரிவர ஏற்பாடு செய்யப்படவில்லை என்று அவர் கடிந்து எழுதினார். 1885இல் போட்டி வணிகரான ஜோர்ஜ் பெத்தியின் பகட்டான கூடத்தில் படங்கள் வைத்தார். 1887 முதல் பூசோ-வலதோன் நிறுவனத்தில் பணியாற்றிய தேயோ வான்கோ, ஓவியர் வின்சென்ட் வான்கோவின் தம்பி, மோனேயின் படங்களை வாங்கத் தொடங்கினார். அதன்பின் மோனே எந்த ஒரு வணிகருக்கும் தனி உரிமை தரவில்லை. பலர் போட்டியிட்டால் விலை உயரும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பிசாரோவின் துயரம் வேறு வகை. 1880களின் நடுவில் அவர் புள்ளிகளால் தீட்டும் புதிய முறைக்கு மாறினார். துரான்-ருவேலுக்கு அது பிடிக்கவில்லை, வாங்குவோருக்கும் பிடிக்கவில்லை. பெரிய குடும்பத்தோடு பிசாரோ வறுமையில் உழன்றார். சலோன் நடுவர் குழுவின் பிடியிலிருந்து விடுபட்ட ஓவியர், இப்போது ஒரே ஒரு வணிகரின் சுவையைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை. துரான்-ருவேலின் சுவைக்கும் எல்லை இருந்தது. 1893இல் கொகேனின் தாகித்தி ஓவியங்களுக்குத் தம் கூடத்தில் இடம் தந்தார் என்றாலும், அடுத்த தலைமுறையின் காவலராக அவர் ஆகவில்லை. செசானுக்கு 1895இல் கண்காட்சி நடத்தி வெளிச்சம் தந்தவர் அம்புருவாஸ் வொலார் என்ற இளைய வணிகர்.

வந்த வெற்றியும் வராத வெற்றியும்

1890களில் நிலைமை மாறியது. 1891 மே மாதம் துரான்-ருவேல் கூடத்தில் மோனேயின் வைக்கோற்போர் ஓவியங்கள் பதினைந்து வைக்கப்பட்டன. ஒரே பொருளை வெவ்வேறு பொழுதுகளில், வெவ்வேறு ஒளியில் தீட்டிய தொடர் அது. சில நாள்களுக்குள் பெரும்பாலானவை விற்றுத் தீர்ந்தன. அதற்குச் சற்று முன்னர், 1890 இறுதியில், ஜிவெர்னியில் வாடகைக்கு இருந்த வீட்டை மோனே 22,000 பிராங்குக்குச் சொந்தமாக வாங்கியிருந்தார். 1892இல் ரெனுவாரின் 110 படைப்புகள் கொண்ட கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு அரசு அவருடைய 'பியானோ முன் இளம்பெண்கள்' ஓவியத்தை வாங்கியது. பிசாரோவுக்கும் அவ்வாண்டுக் கண்காட்சி ஓரளவு நிம்மதி தந்தது.

ஆல்ஃபிரட் சிஸ்லேக்கு அந்த விடியல் வரவில்லை. பாரிசில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1870–71 போரில் தந்தையின் பட்டு வணிகம் அழிந்தபின் ஓவியத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தார். துரான்-ருவேல் தொடக்கம் முதலே அவரை ஆதரித்தவர்தாம். ஆனால் நெருக்கடிக் காலத்தில் கிடைத்த பணம் போதவில்லை. பின்னர் சிஸ்லே ஜோர்ஜ் பெத்தியிடம் சென்றார். அங்கும் விலை உயரவில்லை. 1898இல் மனைவி இறந்தார். 1899 ஜனவரி 29 அன்று மோரே என்னும் சிற்றூரில் புற்றுநோயால் அவரும் இறந்தார். பிள்ளைகளுக்கு உதவ மோனே முன்னின்று ஏலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். இறந்து பதினான்கு மாதங்களே ஆன நிலையில், 1900 மார்ச்சில், அவருடைய 'போர்-மார்லியில் வெள்ளம்' ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போயிற்று. மோனே தம் வீட்டை வாங்கிய விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அது. ஓவியம் மாறவில்லை; பார்ப்பவர்களே மாறியிருந்தனர். அந்த மாற்றம் வரும்வரை ஓவியர் உயிர்வாழ என்ன வழி என்பதுதான் முழுச் சிக்கலும்.

துரான்-ருவேல் 1905இல் லண்டன் கிராஃப்டன் கூடத்தில் 315 ஓவியங்களை வைத்தார். உணர்வுப்பதிவியத்துக்கென அதுவரை நடந்த மிகப் பெரிய கண்காட்சிகளுள் அது ஒன்று. விற்பனை குறைவே, ஆனால் பொதுநிறுவனங்களின் கண் திறந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹியூ லேன், துரான்-ருவேலிடம் வாங்கிய ரெனுவாரின் 'குடைகள்' இன்று உலகறிந்த அருங்காட்சியக ஓவியம். 1922 பிப்ரவரி 5 அன்று, 90ஆம் வயதில் துரான்-ருவேல் மறைந்தார். அவர் கைவழியாகச் சென்ற ஓவியங்கள் ஏறத்தாழ 12,000. அவற்றுள் மோனேயின் படைப்புகள் 1,000க்கு மேல். ரெனுவாருடையவை ஏறத்தாழ 1,500.

பின்வந்த தாக்கம்

துரான்-ருவேலின் வழியைப் பின்வந்தவர்கள் தத்தம் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டனர். 1907இல் பாரிசில் சிறிய கூடம் திறந்த டேனியல்-ஹென்றி கான்வைலர், பிகாசோ, பிராக் போன்ற கியூபிச ஓவியர்களைக் கையில் எடுத்தார். 1912இல் பிகாசோவுடன் மூன்றாண்டு ஒப்பந்தத்தை எழுத்து வடிவிலேயே செய்துகொண்டார். துரான்-ருவேல் காலத்தில் வாய்மொழியாக இருந்தது இங்கே பத்திரமாயிற்று. 2014–15இல் பாரிஸ், லண்டன், பிலடெல்பியா நகரங்களின் அருங்காட்சியகங்கள் இணைந்து துரான்-ருவேலைப் பற்றியே பெருங்கண்காட்சி நடத்தின. ஓவியரைக் கொண்டாடும் இடத்தில் வணிகர் ஒருவர் மையப்பொருளானது அரிய நிகழ்வு.

ஓவியரைச் சந்தைக்குக் கொண்டுவருதல் என்பது படத்தைச் சுவரில் மாட்டி விலைச்சீட்டு ஒட்டுவது அன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. பார்க்கும் கண்ணை உருவாக்க வேண்டும். அது உருவாகும்வரை ஓவியரின் அடுப்பு எரிய வேண்டும். அந்த இடைக்காலத்தின் செலவை யாரேனும் தாங்க வேண்டும். 1871 முதல் 1891 வரை இருபதாண்டுகள் அச்செலவைத் தாங்கியவர் துரான்-ருவேல். தாங்கியதற்குப் பலனும் பெற்றார். தம் சுவையை ஓவியர்கள்மீது ஓரளவு சுமத்தவும் செய்தார். கலைக்கூடத்தைத் தேடும் இன்றைய ஓவியர் கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலிருந்தே பிறக்கின்றன: இக்கூடம் என் படைப்பை நம்புகிறதா, என் பெயரை மட்டுமா? விற்காத ஆண்டுகளிலும் உடன் நிற்குமா? நான் பாணியை மாற்றினால் என்ன செய்யும்? மோனே, பிசாரோ, சிஸ்லே ஆகிய மூவரும் ஒரே வணிகரிடம் தொடங்கியவர்கள். மூவருக்கும் கிடைத்த விடைகள் வெவ்வேறு.